சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்த நம்பர்

ஒரு லேப்டாப்பைப் பிரித்து மாட்டுவது எப்படி என்று உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். அதற்கு வீடியோ இருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் இருக்கிறார். செங்கல்பட்டு சர்வீஸ் சென்டரில் இருந்த ஏழு வருடத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி நான் கெடுத்தவை குறைவு. வாயைத் திறந்து கெடுத்தவைதான் அதிகம். அதில் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

போன மாதத்தோடு ஃபீல்டு வேலையை விட்டுவிட்டேன். "ரிட்டயர் ஆயிட்டேன்" என்று சொன்னால் ஊரப்பாக்கம் வீட்டில் அம்மா சிரிக்கிறாள். முப்பது வயதில் எவளுக்கு ரிட்டயர்மென்ட்? புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவுக்கு மாறியிருக்கிறேன், அவ்வளவுதான். என் டூல் பை இப்போது உங்களில் யாரோ ஒருவரிடம் இருக்கும். அதிலுள்ள பிளாஸ்டிக் நெம்பிகளில் ஒன்று முனை உடைந்தது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில மாடல்களுக்கு அந்த உடைந்த முனைதான் சரியாக உள்ளே போகும்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. கம்பெனி ஒரு புது மாடலை இறக்கியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம்தான் தடிமன், அவ்வளவு மெல்லிசு. இவ்வளவு ஒல்லியான உடம்புக்குள் பேட்டரியை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்ற ஆர்வம் தாங்காமல், காட்சிக்கு வந்த மெஷினை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. கை வைக்கும் இடத்துக்குக் கீழே, டச்பேடை ஒட்டி, அப்பளம் மாதிரி மூன்று பேட்டரிகள் அடுக்கியிருந்தன. அழகாக இருந்தது. அந்தப் படம் என் தலைக்குள் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு அது அவமானமாகப் போகிறது.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அந்த மாடலில் சில மெஷின்களின் பேட்டரியில் கோளாறு. உப்பலாம், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த இந்த சீரியல் நம்பர்கள் மட்டும். அவற்றைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, திரும்ப வாங்கி, வேறு மெஷின் கொடுக்க வேண்டும். கூடவே தீத்தாங்கும் பைகளும் வந்தன.

எங்கள் பகுதியில் அந்த மாடலை விற்றது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரே கடை. பன்னிரண்டு மெஷின்கள், பன்னிரண்டு பேர். எல்லாரையும் சென்டருக்கு வரவழைத்து ஒவ்வொரு மெஷினாகப் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அச்சரப்பாக்கத்துக்காரர் வேலையை விட்டு வர வேண்டும், மாமல்லபுரத்துக்காரர் இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டு வாரம் இழுக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது.

"சார், பெட்டிய போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லலாம். பெட்டியில நம்பர் பெருசா இருக்கும்."

மெஷினின் அடியில் இருக்கும் நம்பர் எறும்பு எழுத்து. அதைப் போட்டோ எடுக்கச் சொன்னால் முட்டி தெரியும், தரை தெரியும், நம்பர் மட்டும் தெரியாது. ஆனால் பெட்டியை நம் ஊரில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி, எல்லாம் பரண் மேல் பத்திரமாக இருக்கும்.

ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு போட்டோவும் வந்துவிட்டன. ஐந்து நம்பர் லிஸ்டில் இருந்தது, ஏழு இல்லை. ஐந்து பேரிடம் "மெஷினைத் தொடாதீங்க, வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க" என்றேன். ஏழு பேருக்கும் நானே போன் போட்டு, "உங்க மெஷின்ல ஒண்ணும் இல்ல, தாராளமா யூஸ் பண்ணுங்க" என்றேன். தாராளமாக என்ற சொல் என்னுடையது. மெயிலில் அப்படி எதுவும் இல்லை.

மேனேஜருக்கு ஒரே மகிழ்ச்சி. என் பெட்டி யோசனையை அன்று மாலையே வேறு மூன்று ஊர் சென்டர்களுக்கு எழுதி அனுப்பினார், என் பெயரைப் போட்டு.

மகிழாத ஒரே ஆள் முன்மேசை அக்கா. அக்கா என்னை விட நான்கு வயதுதான் பெரியவர். போன் எடுப்பது, புகார் எழுதுவது அவர் வேலை. கம்ப்யூட்டரில் புகாருக்கு எண் இருக்கிறது, பதினேழு என்று தட்டினால் டச்பேட் என்று வந்துவிடும். அக்கா அதையும் தட்டுவார், பிறகு ஒரு நீளமான நோட்டிலும் எழுதுவார். நடுவில் கோடு. இடது பக்கம் வாடிக்கையாளர் சொன்னது, அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே. வலது பக்கம் நாம் சொன்ன பதில். வலது பக்கத்தை அக்கா எழுத மாட்டார். சொன்னவர்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா, இன்னும் ஓலைச்சுவடிதான் பாக்கி" என்று கிண்டல் செய்வேன்.

"நீ வாங்கினு வா, அதுலயும் எழுதறேன்" என்பார்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தவர் படாளம் பள்ளிக்கூட ஆசிரியர். பெட்டி, பில், சார்ஜர், மெஷின் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். ரசீது எழுத மெஷினைக் கவிழ்த்தேன். நம்பரின் கடைசி எழுத்துகள் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒரு பொட்டாக ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினேன். சுரண்டிய பிறகு வந்த நம்பர் பெட்டியில் இருந்த நம்பர் இல்லை.

"சார், இது உங்க மெஷின்தானா?"

"இன்னாம்மா கேள்வி இது?"

"பெட்டியில ஒரு நம்பர் இருக்கு, மெஷின்ல வேற இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்ப புது மெஷினுக்காக நான் மாத்தி எடுத்துகினு வந்துட்டேன்றியா? இருவது வருசமா பசங்க பரீட்சைல ஏமாத்தறத புடிக்கிறவன்மா நானு."

மன்னிப்புக் கேட்டு அவரை உட்கார வைத்தேன். அந்தப் பொட்டு என்னை விடவில்லை. அது தானாக வந்திருக்காது, யாரோ மெஷினைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். "நீங்களா சார் வெச்சீங்க?" என்று கேட்டேன். வாங்கும்போதே இருந்தது என்றார். விற்ற கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்தப் பன்னெண்டு மெஷினையும் விக்கறதுக்கு முன்னாடி வெளிய எடுத்தீங்களா?"

"எடுக்காம? ஆயுத பூஜைக்கு மூடின பெட்டியவா சாமி முன்னாடி வெப்பாங்க? பன்னெண்டையும் தொறந்து வரிசையா வெச்சி, மேல ஒரு பொட்டு, அடியில ஒரு பொட்டு, பொரி கடலை வெச்சி அமர்க்களமா படைச்சோம்மா. போட்டோ கீது, அனுப்பட்டா?"

"மறுநாள் பெட்டிக்குள்ள திருப்பி வெச்சீங்களே, எந்த மெஷின் எந்தப் பெட்டின்னு பாத்து வெச்சீங்களா?"



"எல்லாம் ஒரே கலருதானம்மா" என்றார் கடைக்காரர்.

போனை வைத்துவிட்டு ஆசிரியரின் பில்லை எடுத்துப் பார்த்தேன். பில்லில் இருப்பதும் பெட்டி நம்பர்தான். அப்படியானால் கோளாறான ஐந்து மெஷின்கள் இந்தப் பன்னிரண்டு வீட்டில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் ஏழு வீட்டுக்காரர்களிடம் தாராளமாக யூஸ் பண்ணுங்க என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அக்கா காதில் எல்லாம் விழுந்திருந்தது. நோட்டை எடுத்து அந்த வாரத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்.

"செவ்வாக்கெழம. சிற்பப் பட்டறைக்காரர், மாமல்லபுரம். 'எலிய அமுக்கினா அமுங்க மாட்டுது. அடியில இன்னாவோ முட்டிகினு கீது. நேத்து இவ்ளோ முட்டல.'"

டச்பேடைத்தான் அவர் எலி என்றிருந்தார். வலது பக்கம் என் கையெழுத்து: "கல் தூசி. பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொல்லப்பட்டது."

அந்த ஏழு பேரில் ஒருவர் அவர். டச்பேடுக்குக் கீழே பேட்டரி இருப்பதைப் பிரித்துப் பார்த்தவள் நான். கீழிருந்து எது முட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று அவர் "பட்டறை" என்றதுமே "தூசி" என்ற பதில் எனக்குள் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நேத்து இவ்ளோ முட்டல. தூசி ஒரே நாளில் வளருமா?

அவருக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும், மறுபடியும்.

"கல்லு அறுக்கற எடத்துல எப்டி கேக்கும்?" என்றார் அக்கா. "நீ கெளம்பு. மத்தவங்களுக்கு நான் போடறேன். கவுத்துப் போட்டு பொட்ட சொரண்டி நம்பரப் படிங்கன்றேன்."

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "லிஸ்ட்ல இருக்கான்னு தெரியாம எடுத்துட்டு வந்தா கம்பெனி ஒத்துக்காதும்மா. முதல்ல மெயில் போட்டுக் கேப்போம்."

"நீங்க மெயில் போடுங்க சார், நான் போயிட்டு வந்துடறேன்" என்று சென்டர் ஸ்கூட்டியின் சாவியையும் ஒரு தீத்தாங்கும் பையையும் எடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் அவரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கம்பெனி மோசமான பேட்டரி போட்டுவிட்டது. கடையில் பெட்டியை மாற்றிவிட்டார்கள். பூஜையில் குழம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் மூன்றும் உண்மை. மூன்றிலும் நான் இல்லை. பொய்யே சொல்லாமல் இவ்வளவு சுத்தமாகத் தப்பிக்க முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உங்களுக்கும் இது வாய்க்கும், கவனியுங்கள்.

பட்டறை, ஊருக்குள் நுழையும் சாலையில், ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பாதி செதுக்கிய நந்தி. உள்ளே அறுக்கும் மெஷின் சத்தம் காதைக் கிழித்தது. பட்டறைக்காரர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலையில் இருந்தார். நாற்பது வயது இருக்கும், புருவமெல்லாம் வெள்ளைத் தூள். கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணா, சர்வீஸ் சென்டர்லருந்து வர்றேன். லேப்டாப் எங்க?"

"வூடு தேடி வந்துட்டியாம்மா? பரவால்லயே" என்று சிரித்தார். "இப்ப பிரச்சன இல்ல. நானே சரி பண்ணிகினு கீறேன். வந்து பாரு."

கொட்டகையின் ஓரத்து அறையில், மரப்பலகை மேல் லேப்டாப் மூடியிருந்தது. சார்ஜர் செருகியிருந்தது. அதன் மேல் வழுவழுப்பாக மெருகேற்றிய ஒரு கருங்கல் பலகை, என்னால் தனியாகத் தூக்க முடியாத கனத்தில். பக்கத்திலேயே ஒரு டின் பெயின்ட் தின்னர், பொறி பட்டாலே பற்றிக்கொள்வது.

"எதுக்குண்ணா கல்லு?"

"பலகை வளைஞ்சிச்சின்னா பாரம் வெப்போம்ல, அந்தக் கணக்குதான். மூணு நாளாச்சி. நல்லா எறங்கிகினு வருது."

அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். மெருகு போடும் துணி கையில் இருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன், அது இன்னா கதவா, கல்ல வெச்சி நிமுத்தறதுக்குன்னு. கேட்டாத்தான?"

"நீ சும்மா இரு. இத பாரும்மா" என்று அவர் சுவரைக் காட்டினார்.

சுவரில் பென்சில் கோடுகள். மேசையில் வைத்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் முதலில் லேப்டாப்பை வைத்திருந்தது மெருகேற்றிய கல் மேல், இம்மி மேடு பள்ளம் இல்லாத கல். அதில் வைத்தபோது மெஷின் ஆடியிருக்கிறது. ஏன் ஆடுகிறது என்று பார்க்க, மட்டம் பார்க்கும் இரும்புச் சட்டத்தை வைத்து இடைவெளியை அளந்திருக்கிறார். தினமும் காலையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு இடைவெளி கூடிக்கொண்டே போயிருந்தது. கல் வைத்த பிறகு கோடு நின்றுவிட்டது. உப்பும் பேட்டரியை இத்தனை ஒழுங்காக அளந்த ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதலில் எனக்குத் தோன்றியது, கல்லைத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான். காலைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றேன். எதைத் தொட்டால் மோசமாகும், எதைத் தொட்டால் மோசமாகாது? சுவரிலுள்ள சுவிட்சைத் தொட்டால் மோசமாகாது. அணைத்தேன், பிறகு சார்ஜரை உருவினேன். தின்னர் டின்னைத் தொட்டாலும் மோசமாகாது. "அக்கா, இத ரோட்டுப் பக்கம் கொண்டு போய் வெச்சிட்டு வாங்க" என்றேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் எடுத்துப் போனார். கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தாங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்று ஒரு குரல் சொன்னது, பிறகு பாட்டு வாசித்தது. அதைக் கேட்டபடி பாக்கியை நானே யோசித்தேன். கல்லை இழுத்தால் உள்ளே இருப்பது நசுங்கிக் கிழியும். அப்படியே விட்டால் மரப்பலகை, தகரக் கொட்டகை, இரண்டு பேர்.

"அண்ணா, இது தீப்பிடிக்கக்கூடிய பேட்டரி. கல்லைத் தூக்கணும். இழுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது. நேரா மேல."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "கல்லு தூக்க எனக்குச் சொல்லித் தர்றியாம்மா?" என்றார். மனைவியைப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், ஒரு சின்ன ஹூம், கல் காற்றில் எழுவது போல் நேராக எழுந்தது. ஒரு நூல் அசையவில்லை.

பாரம் போனதும் மெஷின் மெல்ல ஒரு சத்தம் போட்டது. பிளாஸ்டிக் முனகும் சத்தம். அதன் வயிறு எங்கள் கண் முன்னால் உயர்ந்தது.

"யம்மா" என்றார் அவர் மனைவி.

பலகையோடு சேர்த்து நானும் அவரும் தூக்கி, வெளியே கொட்டியிருந்த மணல் குவியலில் இறக்கினோம். தள்ளி நின்றோம். ஒரு மணி நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தீப்பிடிக்கவில்லை. கதைக்காகத் தீ வைக்க எனக்கும் விருப்பமில்லை. சூடில்லை என்று உறுதியான பிறகு கவிழ்த்துப் பொட்டைச் சுரண்டினேன். லிஸ்டில் இருந்த நம்பர். மெஷினைத் தீத்தாங்கும் பைக்குள் வைத்தேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: "நீதான திங்கக்கெழம போன் பண்ணி ஒண்ணும் இல்லன்ன?"

ஒத்திகை பார்த்த மூன்று பதில்களும் நாக்கு நுனியில் இருந்தன. கம்பெனி, கடை, பூஜை.

"நான்தாண்ணா. பெட்டியப் பாத்துச் சொன்னேன். மெஷினப் பாக்கல. நீங்க முட்டுதுன்னு சொன்னப்பவும் சரியா கேக்கல."

அவர் திரும்பிக் கொட்டகையின் ஓரத்து அறையைப் பார்த்தார். அவர் மனைவிதான், "இந்தாளு ராத்திரி அந்தப் பலகை பக்கத்துலதாம்மா படுக்கறாரு" என்றார். திட்டும் குரலில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறுமனே தகவல் சொல்வது போலச் சொன்னார்.

சிலைகளின் வரைபடங்களை அவர் அந்த மெஷினில்தான் வைத்திருந்தார்; நந்தியின் படம் போய்விடுமே என்று கேட்டேன். "படம் அப்பவே கல்லு மேல ஏறிடிச்சி, வுடு" என்று வாசலைக் காட்டினார். பிறகு சுவரருகே போய், "இந்தக் கோடு உனக்கு ஒதவுமா?" என்றார். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சென்டருக்குத் திரும்பியபோது அக்கா பதினோரு நம்பர்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மற்ற நான்கு மெஷின்களும் கிடைத்துவிட்டன. அவற்றில் இரண்டு நான் தாராளமாக யூஸ் பண்ணச் சொன்ன வீடுகளில். படாளம் ஆசிரியரின் மெஷினில் கோளாறே இல்லை. அவர் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாராம்.

மேனேஜரின் மெயிலுக்குப் பதில் வந்திருந்தது: பில்லில் உள்ள நம்பர்களை மட்டும் ஏற்போம். நான் சுவர்க் கோடுகளின் போட்டோவை இணைத்து, நடந்ததை எழுதினேன். மறுநாள் பதில் மாறியது: மெஷினில் உள்ள நம்பரே கணக்கு. மூன்று ஊர் சென்டர்களுக்கும் நானே போன் செய்து, "அந்தப் பெட்டி யோசனை தப்பு. மெஷினக் கவுத்துப் பாருங்க" என்றேன். அதில் ஒருவர் சிரித்தார். ஒருவர் நன்றி சொன்னார். மூன்றாமவர் கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து போனது காதில் கேட்டது.

குறுக்கு வழி கண்டுபிடிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் இன்றைக்கும் கண்டுபிடிக்கிறேன். எந்த இடத்தில் பொருளைப் பார்ப்பதை விட்டு அதன் பெட்டியைப் பார்க்கத் தொடங்குகிறோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒருவர் பேசும்போது பெட்டி என்பது, அவர் முடிப்பதற்குள் உங்களுக்குத் தோன்றிவிடும் பதில்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ரயிலுக்குக் கிளம்பும் முன், நடந்ததற்கு என் பதிலை நோட்டில் எழுத வலது பக்கத்தில் பேனாவை வைத்தேன். அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ சொல்லு, நான் எழுதறேன்."

"வலது பக்கம் நாமதானே எழுதணும்?"

"இது பதில் இல்லியே, அந்தப் பக்கம் எழுத" என்றார்.

சொன்னேன். இடது பக்கத்தில், பட்டறைக்காரரின் எலிக்கும் அச்சரப்பாக்கத்துக்காரரின் சார்ஜர் புகாருக்கும் கீழே, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்: "பெட்டியப் பாத்தேன். மெஷினப் பாக்கல." எதிரே வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினார். முன்மேசையில் அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. அந்த இடம் இன்னும் காலிதான்.